அரசு ஐ.டி.ஐ.யில் சேர: எந்தக் காகிதம், எவ்வளவு பணம், எந்த மாதம்

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் வீட்டில் எல்லோரும் மார்க்கைத்தான் பேசுவார்கள். தமிழ்நாட்டு அரசு ஐ.டி.ஐ. (தொழிற்பயிற்சி நிலையம்) சேர்க்கையைப் பொறுத்தவரை மார்க் இரண்டாவது கவலைதான். சீட் கைநழுவுவது பெரும்பாலும் காகிதத்தால். சாதிச் சான்றிதழ் இன்னும் தாசில்தார் அலுவலகத்தில் கிடக்கும். பிளஸ் ஒன் சேர்ந்த பள்ளி டி.சி. தராது. ஓ.டி.பி. பிரவுசிங் சென்டர்காரர் செல்போனுக்குப் போய்விட்டிருக்கும். இவை எதற்கும் பையனோ பெண்ணோ படித்த படிப்புக்கும் சம்பந்தமில்லை. வேலைகளை எந்த வரிசையில் செய்தால் இந்தத் தொல்லை வராதோ அந்த வரிசையிலேயே கீழே எழுதியிருக்கிறது.

1. ஐ.டி.ஐ.யைத் தேடும் முன் டிரேடைத் தீர்மானியுங்கள்

"வீட்டுக்குப் பக்கத்தில் எந்த ஐ.டி.ஐ.?" என்று தொடங்குபவர்கள், அங்கே மிச்சமிருக்கிற டிரேடில், அதாவது தொழிற்பிரிவில், போய் உட்காருகிறார்கள். கேள்வியைத் திருப்பிப் போடுங்கள். எந்த வேலையை நாள் முழுக்க நின்று செய்ய முடியும், அந்த வேலை உங்கள் மாவட்டத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். கோயம்புத்தூர் பக்கம் பம்பு, மோட்டார், வார்ப்புத் தொழில் என்பதால் டர்னர், மெஷினிஸ்ட், ஃபிட்டருக்கு எப்போதும் ஆள் தேவைப்படும். ஓசூரில் மெஷினிஸ்ட்டும் டூல் அண்ட் டை மேக்கரும் எடுபடும். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரம் கார், எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைகள் நிறைந்தது. அங்கே மோட்டார் வெஹிக்கிள் மெக்கானிக்கும் எலக்ட்ரானிக் மெக்கானிக்கும் கைகொடுக்கும். திருப்பூரில் தையல் தொழில்நுட்பம் படித்தவர் வேலை தேடி ஊரை விட்டுப் போக வேண்டியதில்லை.

காலமும் டிரேடுக்கு டிரேடு மாறும். ஃபிட்டர், டர்னர், மெஷினிஸ்ட், எலக்ட்ரீசியன், வயர்மேன், எலக்ட்ரானிக் மெக்கானிக், மோட்டார் வெஹிக்கிள் மெக்கானிக், சிவில் மற்றும் மெக்கானிக்கல் டிராஃப்ட்ஸ்மேன், ஏ.சி. ஃபிரிட்ஜ் மெக்கானிக் ஆகியவை 2 ஆண்டு. வெல்டர், டீசல் மெக்கானிக், தையல் தொழில்நுட்பம், "கோபா" என்று சொல்லப்படுகிற கம்ப்யூட்டர் ஆபரேட்டர் டிரேடு ஆகியவை 1 ஆண்டு. சீக்கிரம் முடிகிறதே என்று ஓராண்டு டிரேடை மட்டும் பார்க்காதீர்கள். பிறகு பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரும் வழி, பத்தாம் வகுப்புக்குப் பின் 2 ஆண்டு ஐ.டி.ஐ. முடித்தவர்களுக்குத்தான். அந்தக் கதவு திறந்திருக்க வேண்டும் என்றால் 2 ஆண்டு டிரேடு எடுங்கள். அதே சமயம், வீட்டுக்கு அடுத்த வருடமே சம்பளம் வேண்டும் என்கிற நிலை இருந்தால் வெல்டரைக் குறைவாக நினைக்க வேண்டாம். கை சுத்தமாக ஓடுகிற வெல்டருக்கு வேலை இல்லை என்ற பேச்சே கிடையாது.

புதிதாக வந்த டிரேடுகளும் இருக்கின்றன. டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.களை "4.0" மையங்களாக மாற்றும் திட்டத்தில் இண்டஸ்ட்ரியல் ரோபாட்டிக்ஸ், அட்வான்ஸ்டு சி.என்.சி. மெஷினிங், எலக்ட்ரிக் வாகன மெக்கானிக் போன்றவை வந்தன. மெஷின்கள் புதியவை. ஆனால் ஒன்றை யோசித்துக்கொள்ளுங்கள். ரயில்வே அசிஸ்டென்ட் லோகோ பைலட், மின்வாரியக் கள உதவியாளர் போன்ற அரசு வேலைகளின் அறிவிப்பில் எந்தெந்த டிரேடு செல்லும் என்று பட்டியலே போடுவார்கள். அதில் ஃபிட்டர், எலக்ட்ரீசியன், வயர்மேன் மாதிரி பழைய பெயர்கள்தான் கேள்வியில்லாமல் செல்லுபடியாகும். அரசு வேலைதான் குறி என்றால், போன முறை வந்த அறிவிப்பை எடுத்து அந்தப் பட்டியலில் உங்கள் டிரேடு இருக்கிறதா என்று பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

எலக்ட்ரீசியன், வயர்மேன், எலக்ட்ரானிக்ஸ் எடுக்க நினைப்பவர்கள் ஒரு கண் மருத்துவரிடம் நிறக்குருடு சோதனை செய்துகொள்வது நல்லது. ஐந்து நிமிட வேலை. சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாதவருக்கு வயரிங்கில் ஆபத்து என்பது ஒருபுறம். ரயில்வே லோகோ பைலட் வேலைக்கான மருத்துவத் தேர்வில் அங்கேயே நின்றுவிடும். இரண்டு ஆண்டு படித்த பிறகு தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இல்லை இது.

2. தகுதியை ஒரு முறை சரிபாருங்கள்

குறைந்தபட்ச வயது 14. ஆண்களுக்கு உச்ச வரம்பு 40. பெண்களுக்கு உச்ச வரம்பு இல்லை. குழந்தைகள் பள்ளிக்குப் போன பிறகு தையல் தொழில்நுட்பம் படிக்க வருகிற அம்மாக்கள் உண்டு, தயங்க வேண்டாம். பெண்கள் எந்த டிரேடும் எடுக்கலாம். கிண்டி, புள்ளம்பாடி போன்ற இடங்களில் மகளிருக்கென்றே தனி அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது.

பெரும்பாலான டிரேடுகளுக்குப் பத்தாம் வகுப்பு தேர்ச்சி வேண்டும். பத்தில் தவறியவர்கள் உட்கார்ந்து அழ வேண்டாம். வெல்டர், வயர்மேன், கார்ப்பென்டர், பெயின்டர், ஷீட் மெட்டல், தையல் தொழில்நுட்பம் ஆகியவற்றுக்கு எட்டாம் வகுப்பு தேர்ச்சி போதும். துணைத்தேர்வு எழுதி வெற்றி பெற்றவர்கள், கலந்தாய்வு முடிந்து காலியிடம் இருந்தால் நடக்கும் நேரடிச் சேர்க்கையில் பத்தாம் வகுப்பு டிரேடுக்கும் முயலலாம்.

எட்டாம் வகுப்புத் தகுதியில் விண்ணப்பிக்கிறவர்களுக்கு ஒரு சிக்கல் வரும். எட்டு வரை ஆல் பாஸ் என்பதால் பல பள்ளிகளில் எட்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலை யாரும் கேட்டு வாங்கியிருக்க மாட்டார்கள். தலைமை ஆசிரியரிடம் எழுதிக் கொடுத்து, பள்ளி முத்திரையோடு வாங்க வேண்டும். பள்ளி விடுமுறையில் தலைமை ஆசிரியரைப் பிடிப்பது கஷ்டம். ஏப்ரலிலேயே வாங்கிவிடுங்கள். எட்டுக்கு முன்பே படிப்பை விட்டவர்களுக்கு, அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு ஒரு வழி.

3. காகிதங்கள்: இங்கேதான் நேரம் போகும்

எடுத்து வைக்க வேண்டியவை: மதிப்பெண் சான்றிதழ் (பத்து படித்திருந்தாலும் எட்டாவதுடையதையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்), மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார், பாஸ்போர்ட் அளவு போட்டோ, மாணவர் பெயரில் வங்கிக் கணக்குப் புத்தகம். மாற்றுத்திறனாளி, முன்னாள் ராணுவத்தினர் பிள்ளை போன்ற முன்னுரிமை கேட்பதாக இருந்தால் அதற்கான சான்று. ஒவ்வொன்றிலும் ஒரு பொறி இருக்கிறது.

பெயரும் இனிஷியலும். எல்லாத் தலைவலிக்கும் மூலம் இதுதான். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் "எஸ். கார்த்திக்" என்று இருக்கும். ஆதாரில் "கார்த்திக் செல்வம்" என்று அப்பா பெயரோடு விரிந்திருக்கும். வங்கியில் வெறும் "கார்த்திக்". மனிதர் பார்த்தால் ஒரே ஆள் என்று தெரியும், கணினிக்குத் தெரியாது. பத்தாம் வகுப்புச் சான்றிதழை ஆதாரமாக வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் அதற்கு ஏற்ப மாற்றுங்கள். எதிர்த்திசையில் போகாதீர்கள், மதிப்பெண் சான்றிதழில் பெயர் திருத்துவது நீண்ட வேலை. ஆதாரில் பெயர், பிறந்த தேதி, முகவரி திருத்த மையத்தில் 75 ரூபாய் (2025 அக்டோபருக்கு முன் 50). பிறந்த தேதியை ஒரு முறைதான் மாற்ற விடுவார்கள் என்பதால் எழுதிக் கொடுக்கும்போது இரண்டு முறை படியுங்கள்.

கைரேகை. சின்ன வயதில் ஆதார் எடுத்த பிள்ளைகள் 15 வயது முடிந்ததும் கைரேகை, கண் கருவிழியைப் புதுப்பித்தாக வேண்டும். 15 முதல் 17 வயதுக்குள் செய்தால் கட்டணம் இல்லை. செய்யாமல் விட்டால், பின்னால் எங்காவது விரல் வைக்கச் சொல்லும்போது மெஷின் "பொருந்தவில்லை" என்று சொல்லிக்கொண்டே இருக்கும். ஐ.டி.ஐ.யில் சேர்கிற வயதும் இதுவும் ஒன்றாக வருவதால் மே மாதத்திலேயே முடித்துவிடுங்கள். அப்படியே உங்கள் செல்போன் எண்ணையும் ஆதாரோடு இணைத்துவிடுங்கள்.

சாதிச் சான்றிதழ். இ-சேவை மையத்தில் விண்ணப்பக் கட்டணம் 60 ரூபாய். விண்ணப்பம் வி.ஏ.ஓ., ஆர்.ஐ. என்று ஏறிப் போகும். பிற்படுத்தப்பட்டோருக்கும் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கும் துணை தாசில்தார் நிலையிலும், பட்டியல் சாதியினருக்குத் தாசில்தார் நிலையிலும் கையெழுத்தாகும். பழங்குடியினருக்கு ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) வரை போய் விசாரணை நடக்கும் என்பதால் வாரக்கணக்கில் அல்ல, மாதக்கணக்கில் ஆகலாம். பழங்குடிப் பிள்ளைகளின் பெற்றோர் பத்தாம் வகுப்பு தொடங்கும்போதே விண்ணப்பித்துவிட வேண்டும். கையால் எழுதிய பழைய அட்டை வைத்திருப்பவர்கள், கியூ.ஆர். குறியீடு உள்ள ஆன்லைன் சான்றிதழாக மாற்றிக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தில் சான்றிதழ் எண்ணைக் கேட்பார்கள்.

அலட்சியப்படுத்தினால் என்ன ஆகும்? 31 சதவீதம் பொது, மீதி 69 சதவீதம் இடஒதுக்கீடு என்பது தமிழ்நாட்டுக் கணக்கு. சரிபார்ப்பில் சாதிச் சான்றிதழைக் காட்ட முடியாதவர் அந்த 69-இல் நிற்க முடியாமல், பொதுப்பிரிவில் மட்டும் போட்டியிட வேண்டி வரும். ஃபிட்டர், எலக்ட்ரீசியன் போன்ற டிரேடில் ஒரு யூனிட்டுக்கு, அதாவது ஒரு வகுப்புக்கு, 20 இடம்தான். வித்தியாசம் புரியும்.

டி.சி. ஐ.டி.ஐ. கிடைக்குமோ கிடைக்காதோ என்று பயந்து பிளஸ் ஒன்னில் சேர்த்துவிடுவது பெற்றோரின் இயல்பு. அதில் தவறில்லை. ஆனால் டி.சி. அந்தப் பள்ளிக்குப் போய்விடும். திரும்ப வாங்க விண்ணப்பம், தலைமை ஆசிரியர் கையெழுத்து, பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் பதிவுத் தளமான எமிஸில் மாணவர் பெயரைப் பொதுத் தொகுப்புக்கு விடுவிப்பது என்று ஒரு சுற்று இருக்கிறது. தனியார் பள்ளியாக இருந்தால் கட்டிய பணம் திரும்பாது என்பதோடு, மீதிக் கட்டணத்தையும் கட்டிவிட்டு வாங்கிப் போ என்று சொல்வதும் நடக்கும். ஐ.டி.ஐ.தான் முதல் விருப்பம் என்றால் டி.சி.யைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மாதம் பொறுத்திருங்கள். மாற்று ஏற்பாடு கட்டாயம் வேண்டும் என்றால் அரசுப் பள்ளியில் சேருங்கள். வெளியே வருவது எளிது. எமிஸ் எண்ணையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், உதவித்தொகை நேரத்தில் தேவைப்படும்.

வங்கிக் கணக்கு. மாணவர் பெயரிலேயே இருக்க வேண்டும். அம்மா கணக்கு, அண்ணன் கணக்கு எடுபடாது. அஞ்சலகப் பேமென்ட்ஸ் வங்கியிலும் தொடங்கலாம். கணக்கு இருந்தால் மட்டும் போதாது, அதோடு ஆதார் "சீடிங்" (அரசுப் பணம் வருவதற்கான இணைப்பு) ஆகியிருக்க வேண்டும். கே.ஒய்.சி.க்கு (அடையாளச் சரிபார்ப்புக்கு) ஆதார் நகல் கொடுத்ததும் சீடிங் ஆகிவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். இரண்டும் வேறு. வங்கியில் தனிப் படிவம் எழுதிக் கொடுக்க வேண்டும். இரண்டு வங்கியில் கணக்கு இருந்தால், கடைசியாக எதில் சீடிங் செய்தீர்களோ அதற்குத்தான் அரசுப் பணம் போகும். "எனக்கு மட்டும் உதவித்தொகை வரவில்லை" என்று அலைபவர்களில் பலருக்குப் பணம் மறந்துபோன பழைய பள்ளிக் கணக்கில் விழுந்திருக்கும். ஆதார் இணையதளத்தில் நுழைந்தால் எந்த வங்கி இணைந்திருக்கிறது என்று அதுவே காட்டும்.

4. எந்த மாதம் என்ன

பொதுவாக மே மாதம் பத்தாம் வகுப்பு முடிவு வரும். அதையொட்டி வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை இணையதளத்தில் விண்ணப்பம் திறக்கும். ஜூனில் விண்ணப்பம், அதன் பின் தரவரிசை, கலந்தாய்வு, ஆகஸ்டில் வகுப்பு என்பது வழக்கமான ஓட்டம். கடைசித் தேதியை நீட்டிப்பது ஏறக்குறைய ஆண்டுதோறும் நடக்கிறது. அதை நம்பி இருக்காதீர்கள். நீட்டிப்பில் விண்ணப்பித்தவர்கள் பெரும்பாலும் நேரடிச் சேர்க்கைக்குத்தான் போகிறார்கள்; அப்போது எலக்ட்ரீசியன் இருக்காது.

எனவே ஏப்ரலில் சாதிச் சான்றிதழும் எட்டாம் வகுப்புப் பட்டியலும். மே முதல் பாதியில் ஆதாரும் வங்கியும். ரிசல்ட் வந்ததும் தற்காலிக மதிப்பெண் சான்றிதழை எடுத்துக்கொண்டு விண்ணப்பம். அசல் மதிப்பெண் சான்றிதழுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

5. விண்ணப்பம்

கட்டணம் 50 ரூபாய், ஆன்லைனில் கட்ட வேண்டும். பிரவுசிங் சென்டரில் 200, 300 என்று கேட்பது அவர்கள் கூலி. அரசு கேட்பது இல்லை. அதற்குப் பதிலாகப் பக்கத்து அரசு ஐ.டி.ஐ.க்கே நேரில் போங்கள். சேர்க்கைக் காலத்தில் அங்கே உதவி மையம் இருக்கும், பதிவு செய்து கொடுப்பார்கள். போனதே போனோம் என்று ஒர்க்‌ஷாப்பையும் ஒரு சுற்று பார்த்துவிட்டு வாருங்கள். லேத் ஓடுகிறதா, தூசி படிந்து கிடக்கிறதா, வெல்டிங் கூண்டுகளில் அன்று வேலை நடந்த தடயம் இருக்கிறதா என்பதை எந்த இணையதளமும் சொல்லாது.

வெளியில் பதிவு செய்தாலும் மூன்று விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். செல்போன் எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையதாக இருக்க வேண்டும். கடவுச்சொல்லை உங்கள் நோட்டில் எழுதி வாங்குங்கள். பணம் கட்டிய ரசீதையும் சமர்ப்பித்த விண்ணப்பத்தையும் அச்செடுத்துக்கொள்ளுங்கள். பணம் கணக்கிலிருந்து போய், ரசீது வராமல் நின்றுவிட்டால் உடனே இரண்டாம் முறை கட்ட வேண்டாம். சில மணி நேரம் கழித்து நுழைந்து நிலையைப் பாருங்கள். பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும் அல்லது பணம் திரும்பிவிடும்.

சான்றிதழ்களை ஸ்கேன் செய்தே ஏற்றுங்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் செல்போனில் எடுத்த படத்தில் முத்திரை தெரியாது, சரிபார்ப்பில் திருப்பி அனுப்புவார்கள். மதிப்பெண்ணை உள்ளிடும்போது பாடத்துக்குப் பாடம் சான்றிதழைப் பார்த்து எழுதுங்கள். கூடுதலாக ஒரு மார்க் விழுந்தாலும் நேரில் போகும்போது தரவரிசை கேள்விக்குள்ளாகும். முன்னுரிமைப் பெட்டிகளைக் கண்டபடி டிக் செய்யாதீர்கள். சான்று காட்ட முடியாத முன்னுரிமை, கிடைத்த இடத்தையும் கெடுக்கும்.

6. விருப்பப் பட்டியலும் கலந்தாய்வும்

தரவரிசை, இடஒதுக்கீடு, நீங்கள் தருகிற விருப்பங்கள் ஆகிய மூன்றையும் வைத்துத்தான் இடம். விருப்பம் என்பது ஐ.டி.ஐ.யும் டிரேடும் சேர்ந்த ஜோடி. "அம்பத்தூர், எலக்ட்ரீசியன்" ஒரு விருப்பம். "கிண்டி, எலக்ட்ரீசியன்" வேறொரு விருப்பம். பலர் ஒரே ஐ.டி.ஐ.யில் பத்து டிரேடைப் போட்டுவிடுகிறார்கள். கடைசியில் ஃபிட்டர் ஆசைப்பட்டவர் தையல் பிரிவில் நிற்பார். ஒரே டிரேடை நாலைந்து ஐ.டி.ஐ.களில் போடுங்கள், அதற்கடுத்து இரண்டாவது டிரேடு. உண்மையில் படிக்க மாட்டீர்கள் என்று தெரிந்த எதையும் "சும்மா இருக்கட்டும்" என்று சேர்க்காதீர்கள். அதுதான் கிடைக்கும்.

தூரத்தையும் கணக்கில் வையுங்கள். சில ஐ.டி.ஐ.களில் ஒரே டிரேடு இரண்டு ஷிப்டில் நடக்கும். இரண்டாவது ஷிப்ட் முடிந்து கடைசி டவுன் பஸ்ஸைப் பிடிக்க முடியுமா என்று பாருங்கள். விடுதி எல்லா இடத்திலும் இல்லை. ஆதிதிராவிடர் நலத்துறை, பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை விடுதிகளில் ஐ.டி.ஐ. மாணவர்களுக்கும் இடம் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. அதற்குத் தனி விண்ணப்பம், வருமானச் சான்று வேண்டும்.

இடம் ஒதுக்கப்பட்டதும் குறிப்பிட்ட நாளுக்குள் நேரில் போய்ச் சேர வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் இடம் அடுத்த சுற்றுக்குப் போய்விடும். முதல் சுற்றில் கிடைக்காதவர்கள் சோர்ந்துவிட வேண்டாம். பாலிடெக்னிக்குக்கும் பிளஸ் ஒன்னுக்கும் போனவர்களின் இடங்கள் நேரடிச் சேர்க்கையில் திறக்கும். அந்தக் காலத்தில் வீட்டிலிருந்து இணையதளத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட, அசல் சான்றிதழ்களோடு காலையிலேயே ஐ.டி.ஐ. வாசலில் நிற்பது பலன் தரும்.

7. சேரும் நாளும் செலவும்

அசல் சான்றிதழ்கள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து நகல், எட்டு போட்டோ, பெற்றோர் ஒருவர். அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் கிடையாது. துறையின் அறிவிப்புகளில் சொல்லப்பட்ட சேர்க்கைக் கட்டணம் ஓராண்டு டிரேடுக்கு 185 ரூபாய், இரண்டாண்டு டிரேடுக்கு 195 ரூபாய். விண்ணப்பம் 50, சாதிச் சான்றிதழ் 60, ஆதார் திருத்தம் 75, நகல், போட்டோ, பஸ் செலவு எல்லாம் சேர்த்தாலும் ஆயிரம் ரூபாயைத் தாண்டாது. அரசு ஐ.டி.ஐ. சீட் வாங்கித் தருகிறேன் என்று யாராவது ஆயிரக்கணக்கில் கேட்டால், அவர் விற்பது அவரிடம் இல்லாத பொருள்.

கிடைப்பவை: பாடப்புத்தகம், வரைபடக் கருவிகள், சீருடை, ஷூ, சைக்கிள், பஸ் பாஸ் ஆகியவை விலையில்லாமல். வருகைப்பதிவைப் பொறுத்து மாதம் 750 ரூபாய் உதவித்தொகை. இதற்கு மேல், அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்த பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், ஆண்களுக்கு 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப்புதல்வன் திட்டத்தில் அதே தொகை. அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களும் வருவார்கள். இது தானாக வராது. ஐ.டி.ஐ.யில் இதற்கென்று ஒரு பொறுப்பாளர் இருப்பார். எமிஸ் எண், ஆதார், வங்கி விவரத்தை அவரிடம் கொடுத்துப் பதிவாகிவிட்டதா என்று பார்த்துவிட்டு வாருங்கள். இடையில் ஒரு வருடம் தனியார் பள்ளிக்குப் போயிருந்தால் தொடர்ச்சி அறுந்துவிடும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

8. தனியார் ஐ.டி.ஐ. என்றால் கூடுதல் ஜாக்கிரதை

நல்ல தனியார் ஐ.டி.ஐ.கள் உண்டு. அரசு ஒதுக்கீட்டு இடங்கள் உள்ள தனியார் ஐ.டி.ஐ.களுக்கும் அதே கலந்தாய்வில் போகலாம். நேரடியாகச் சேர்வதாக இருந்தால் பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இந்த டிரேடுக்கு என்.சி.வி.டி. (தேசியத் தொழிற்பயிற்சிக் குழு) அங்கீகாரம் இருக்கிறதா? "எங்கள் ஐ.டி.ஐ. அங்கீகாரம் பெற்றது" என்ற பதிலோடு திரும்பி வராதீர்கள். அங்கீகாரம் நிறுவனத்துக்கு மொத்தமாகக் கிடைப்பதில்லை. டிரேடுக்கு டிரேடு, யூனிட்டுக்கு யூனிட், ஷிப்டுக்கு ஷிப்ட் தனித்தனி. ஃபிட்டருக்கு இரண்டு யூனிட் அனுமதி வாங்கிவிட்டு மூன்று யூனிட்டுக்கு ஆள் சேர்த்தால், தேர்வு நேரத்தில் இருபது பேருக்கு ஹால் டிக்கெட் வராது. மத்திய அரசின் ஸ்கில் இந்தியா டிஜிட்டல் தளத்தில் ஐ.டி.ஐ. பெயரைப் போட்டால் எந்த டிரேடுக்கு எத்தனை இடம் என்று தெரியும்.

மாநில அளவில் எஸ்.சி.வி.டி. சான்றிதழும் உண்டு. அது செல்லாது என்பதில்லை. ரயில்வே போன்ற அறிவிப்புகளில் இரண்டையும் ஏற்கிறார்கள். ஆனால் வெளிநாட்டு வேலைக்கும் சில பொதுத்துறை நிறுவனங்களுக்கும் என்.சி.வி.டி.யைத்தான் கேட்பார்கள். ஒரே பணம், ஒரே உழைப்பு என்றால் எதற்குக் குறைந்ததை வாங்க வேண்டும்?

மொத்தக் கட்டணத்தை எழுத்தில் வாங்குங்கள். தேர்வுக் கட்டணம், சீருடை, ரா மெட்டீரியல், "பிராக்டிக்கல் ஃபீஸ்" என்று பின்னால் முளைப்பவை இதில் அடங்குமா என்று கேளுங்கள். "ஹாஜர் போட்டுக்கொள்கிறோம், பரீட்சைக்கு வந்தால் போதும்" என்று ஒரு இடத்தில் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். ஃபைல் பிடிக்கத் தெரியாத ஃபிட்டரை முதல் இன்டர்வியூவில் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். டி.சி.யைத் தவிர வேறு அசல் எதையும் விட்டு வராதீர்கள். கட்டாயம் என்றால் எழுத்துமூலம் ஒப்புகை வாங்குங்கள்.

9. சேர்ந்த முதல் மாதம்

எல்லோரும் தவறவிடும் கட்டம் இது. ஐ.டி.ஐ. உங்கள் விவரங்களை மத்திய தளத்தில் ஏற்றும். பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி, போட்டோ ஆகியவை அங்கே எப்படி ஏறுகிறதோ அப்படித்தான் இரண்டு ஆண்டு கழித்துத் தேசியத் தொழிற்சான்றிதழில் அச்சாகும். பயிற்சி அலுவலரிடமோ அலுவலக உதவியாளரிடமோ பணிவாகக் கேட்டு அந்தப் பக்கத்தை உங்கள் கண்ணால் எழுத்துக்கு எழுத்து பாருங்கள். முதல் மாதத்தில் ஐந்து நிமிடத்தில் திருத்தக்கூடிய ஒரு எழுத்து, சான்றிதழ் வந்த பிறகு விண்ணப்பம், ஆதாரங்கள், ஒப்புதல் என்று மாதக்கணக்கில் இழுக்கும். அந்த நேரத்தில்தான் கம்பெனியோ பாஸ்போர்ட் அலுவலகமோ சான்றிதழைக் கேட்டு நிற்கும்.

வருகை 80 சதவீதம் இல்லாவிட்டால் அகில இந்தியத் தொழிற்தேர்வு எழுத முடியாது. தேர்வில் எழுத்துப் பாடங்களுக்கு 33 சதவீதம் போதும், பிராக்டிக்கலுக்கு 60 சதவீதம் வேண்டும். எழுத்துத் தேர்வு கணினியில் நடக்கும். பள்ளியில் பரீட்சைக்கு முந்தின வாரம் படித்துத் தப்பித்த பழக்கம் இங்கே உதவாது. 60 சதவீதத்தை ஒர்க்‌ஷாப்பில்தான் சம்பாதிக்க வேண்டும். ஆண்டுக்கு 1,200 மணி நேரப் பயிற்சியில் 840 மணி நேரம் பிராக்டிக்கல் என்று பாடத்திட்டமே சொல்கிறது.

10. முடிக்கும் முன்பே தொடங்க வேண்டியவை

எட்டாவது முடித்து 2 ஆண்டு ஐ.டி.ஐ. தேறியவர் பத்தாம் வகுப்புக்கு இணையான சான்றும், பத்தாவது முடித்து 2 ஆண்டு ஐ.டி.ஐ. தேறியவர் பிளஸ் டூவுக்கு இணையான சான்றும் வாங்கலாம். அதற்குத் தமிழ், ஆங்கிலம் இரண்டு மொழித்தாளையும் அரசுத் தேர்வுகள் துறையிடம் எழுதித் தேற வேண்டும். படிக்கும்போதே எழுதிவிடுவது மேல். வேலைக்குப் போன பிறகு லீவு கிடைக்காது.

அப்ரண்டிஸ் பயிற்சிக்கு (நிறுவனத்தில் மாத உதவித்தொகையோடு வேலை பழகுவது) மத்திய அரசின் அப்ரண்டிஸ்ஷிப் இந்தியா தளத்தில் இறுதியாண்டிலேயே கணக்கு தொடங்குங்கள். பழைய பொதுத்துறை அறிவிப்புகளில் ஓராண்டு ஐ.டி.ஐ.க்கு 7,700 ரூபாய், இரண்டாண்டுக்கு 8,050 ரூபாய் என்று மாத உதவித்தொகை போட்டிருந்ததைப் பார்த்திருப்பீர்கள். 2019-இல் திருத்தப்பட்ட விதியில் ஐ.டி.ஐ. சான்றிதழுக்கான அடிப்படைத் தொகை 7,000 ஆக இருந்தது. அதில் 10 சதவீதமும் 15 சதவீதமும் கூட்டியதுதான் அந்தக் கணக்கு. தனியார் கம்பெனி கேம்பஸுக்கு வந்து "டிரெய்னி" என்று எடுத்தால், அது சட்டப்படியான அப்ரண்டிஸா, வெறும் பெயர்தானா என்று கேளுங்கள். சட்டப்படியானது என்றால் அந்தத் தளத்தில் உங்கள் பெயரில் ஒப்பந்த எண் ஒன்று உருவாகும். அந்த எண் இல்லாமல் ஓராண்டு உழைத்தால் கடைசியில் தேசிய அப்ரண்டிஸ் சான்றிதழ் வராது, கம்பெனி லெட்டர்ஹெட்டில் ஒரு அனுபவக் கடிதம்தான் கிடைக்கும்.